டபிள் கெப் எடுப்பதா, ஹயஸ் வான் எடுப்பதா?

புதுக்குடியிருப்புப் பக்கம் நாலு ஏக்கரில் தோட்டம் செய்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பப்பாசியும் வாழைக்குலையும் கிழமைக்கு இரண்டு தரம் கிளிநொச்சிச் சந்தைக்குப் போக வேண்டும். திரும்பும்போது மனைவியின் கடைக்கு அரிசி, சீனி, மா, கோழித்தீன் ஏற்றி வர வேண்டும். வீட்டில் ஐந்து பேர். தோட்டத்திலிருந்து தார் றோட்டுக்கு மூன்று கிலோமீற்றர் கிரவல் பாதை. இவ்வளவு காலமும் பட்டா என்கிற சின்ன லொறி பிடித்து வாடகைக்குக் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்துவிட்டு, சொந்தமாக ஒன்று எடுப்போம் என்று முடிவு செய்திருக்கிறார். இரண்டு ஆசன வரிசையும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள ஒரு பழைய டபிள் கெப்பும் ஒரு பழைய ஹயஸ் வானும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்திருக்கின்றன. எது நல்லது என்று கேட்கிறார். வாகனத்தின் பெயரைக் கேட்டாலும், ஒரே வாகனம் தோட்டத்துக்கும் கடைக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து, மாரியிலும் கோடையிலும் உழைக்குமா என்பதுதான் அவருடைய உண்மையான கவலை என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

கிளிநொச்சியில் பதினான்கு வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். அதற்கு முதல் ஆறு வருடம் ஒரு வியாபாரியின் சிங்கிள் கெப்பை (ஒரே ஆசன வரிசை, பின்னால் நீளமான பெட்டி) வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் ஓடினேன். பாரம் ஏற்றி ஓடியதும் தெரியும், ஏற்றியதால் உடைந்ததைத் திருத்தியதும் தெரியும். ஆனால் உங்கள் ஒழுங்கையை நான் பார்க்கவில்லை, அந்த இரண்டு வாகனங்களின் அடிப்பக்கத்தையும் பார்க்கவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எழுதிய சுமைக்கு வான்தான் பொருத்தம். நெல்லோ மீனோ தண்ணீர்த் தாங்கியோ பிரதான சுமை என்றால் சிங்கிள் கெப் என்று சொல்லியிருப்பேன். டபிள் கெப்பை உங்களுடைய தேவைக்கு நான் சொல்ல மாட்டேன்.

கெப் பாரத்துக்கு, வான் ஆட்களுக்கு என்று எங்கள் சனத்திடம் ஒரு நினைப்பு இருக்கிறது. நிறைக்கணக்கைப் பார்த்தால் அது சரிவராது. வாகனத்தின் பதிவுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். வெற்று நிறை, மொத்த நிறை என்று இரண்டு எண்கள் இருக்கும். மொத்தத்தில் இருந்து வெற்று நிறையைக் கழித்தால் வருவதுதான் அந்த வாகனம் சுமக்கக்கூடியது. சாரதியும் பக்கத்தில் இருப்பவரும் அதற்குள் அடக்கம். உதாரணத்துக்கு, வெற்று நிறை 1,700, மொத்த நிறை 2,800 என்று இருந்தால் மிச்சம் 1,100 கிலோ. ஐந்து பேர் ஏறினால் 300 கிலோ அவர்களோடு போய்விடும், சரக்குக்கு 800 கிலோதான். ஹைலக்ஸ் கெப் ஏறத்தாழ ஒரு தொன் தூக்கும். யப்பானில் சரக்குக்கென்றே செய்த ஹயஸும் ஏறத்தாழ ஒரு தொன்தான் தூக்கும். ஆட்களுக்கென்று ஆசனம் அடித்து வந்த ஹயஸ் அதைவிடக் குறையலாம், சான்றிதழில் உள்ளதுதான் கணக்கு. ஒரு தொன் என்றால் 65 முதல் 70 கிலோ நெல் மூடையில் பதினான்கு, பதினைந்து மூடை. இருபத்தைந்து மூடை ஏற்றிக்கொண்டு வந்த கெப்பை என் கராஜ் வாசலில் கண்டிருக்கிறேன். ஸ்பிரிங் தகடு தாங்கியது, ஓடித்தான் வந்தது. பிரேக் மட்டும் நிற்கவில்லை. ஸ்பிரிங் தகடு கூட்டி அடித்தால் வாகனம் பின்னால் தாழாமல் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். பிரேக்கும் அச்சும் ரயரும் பழையபடிதான் இருக்கும்.

நிறையில் இரண்டும் சரிக்குச் சரி என்றால் அடுத்தது இடம். அங்கேதான் டபிள் கெப் தோற்கிறது. அதன் பின்பெட்டி நீளமும் அகலமும் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். சந்தைக்குப் போகிற 60 சென்ரிமீற்றருக்கு 40 பிளாஸ்ரிக் கூடையை அதில் அடுக்கினால் ஒரு தட்டுக்கு ஆறு, திருப்பிப் போட்டால் ஏழு. சில்லுக்கு மேலே எழும்பி நிற்கும் தகரம் வேறு இடத்தைத் தின்னும். மூன்று தட்டு அடுக்கிக் கயிறு போட்டால் இருபது கூடை. நீளமான ஹயஸில் பின் ஆசனங்களைக் கழற்றினால் தரை மூன்று மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் அகலம், உயரம் ஒன்றே கால் மீற்றருக்குக் கொஞ்சம் மேல். தட்டுக்குப் பதினைந்து, நாலு தட்டுக்கு அறுபது கூடை. கூடைக்குப் பதினைந்து கிலோ பப்பாசி என்றால் 900 கிலோ. இடமும் நிறையும் ஒன்றாக நிரம்புகிறது பாருங்கள், இது சரக்கு வாகனத்துக்கு நல்ல குணம். நடு ஆசன வரிசையைக் கழற்றாமல் வைத்தாலும் பின்னால் 1.8 மீற்றர் இருக்கும், முப்பத்தாறு கூடை போகும். பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, டபிள் கெப்பில் போவதைவிடக் கூடுதலான கூடையும் ஏற்றலாம் என்பதுதான் நான் வான் என்று சொல்வதற்கு முதல் காரணம். சிங்கிள் கெப்பின் பெட்டி இரண்டேகால் மீற்றர் வரும், சரக்குக்கு அது போதும். ஆனால் குடும்பத்தைப் பின்னால் திறந்த பெட்டியில் இருத்திக்கொண்டு போவீர்கள். எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிறார்கள்தான், எனக்கு அது பிடிக்காது. விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஆட்களை எனக்குத் தெரியும்.

சரி, பாதைக்கு வருவோம். ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை மழை. குளங்கள் நிரம்பி வழியும் நாட்களில் மூன்று கிலோமீற்றர் கிரவல் பாதை எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கெப் என்றால் சேற்றில் புதையாது என்று நம்பி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. விற்பனைக்கு வருகிற டபிள் கெப் எல்லாமே நாலு சில்லும் இழுக்கிறவை அல்ல. பின்சில்லு மட்டும் இழுக்கும் கெப், பெட்டி வெறுமையாக இருக்கும்போது பின்பக்கம் பாரமில்லாமல் சேற்றில் சுழலும். ஹயஸுக்கும் பெரும்பாலும் பின்சில்லுதான் இழுவை. எஞ்சின் முன் ஆசனத்துக்கு அடியில் இருப்பதால் வெறுமையாக ஓடும்போது அதுவும் சுழலும், பின்னால் அரைத் தொன் ஏறிவிட்டால் நன்றாகப் பிடித்துப் போகும். உயரத்தில் கெப்புக்கு வெற்றிதான், அதை மறுக்க மாட்டேன். மதகு உடைந்த இடத்திலும் உழவு இயந்திரத்தின் சில்லுத் தடத்திலும் வானின் வயிறு தட்டும். எவரும் உங்களுக்கு நோவா மாதிரி ஒரு மினிவானைக் காட்டினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2001க்குப் பிறகு வந்த நோவாவின் சாதாரண ரகத்துக்கு முன்சில்லுதான் இழுவை. பின்னால் பாரம் ஏற ஏற முன்சில்லின் பிடி குறையும், ஈர ஏற்றத்தில் நின்ற இடத்திலேயே சுற்றும்.

என்னுடைய கணக்கில், வான் வெளியே வர முடியாத நாட்கள் வருடத்தில் மூன்று, நாலு கிழமை. அந்த நாட்களுக்காக வருடம் முழுவதும் சின்னப் பெட்டியோடு ஓடுவது நட்டம். மழை இறுகிவிட்டால் வானைத் தார் றோட்டுக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வளவில் விட்டுவிட்டு, தோட்டத்திலிருந்து அங்கு வரை லான்ட்மாஸ்ரரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கூடையைக் கொண்டுவாருங்கள். விசுவமடுப் பக்கம் என்னிடம் வாகனம் திருத்துகிற இரண்டு பேர் இப்படித்தான் செய்கிறார்கள். உங்கள் பாதையில் மாரி முழுக்க முழங்கால் தண்ணீர் நிற்குமென்றால் இந்தக் கணக்கு மாறும், அப்போது நாலு சில்லு இழுக்கும் சிங்கிள் கெப்பைத் தேடுங்கள்.

வானைப் பற்றி ஒரு பயமான விஷயம் சொல்ல வேண்டும். கெப்பில் சரக்குக்கும் உங்கள் தலைக்கும் நடுவில் இரும்புச் சுவர் இருக்கிறது. வானில் ஒன்றும் இல்லை. சில வருடங்களுக்கு முன் நண்பரின் வானில் பன்னிரண்டு பை கோழித்தீன் ஏற்றிக்கொண்டு இரவில் பரந்தன் முல்லைத்தீவு வீதியால் வந்தேன். பக்கத்துத் தூரம்தானே என்று கட்டவில்லை. விசுவமடு தாண்ட, றோட்டில் மாடு படுத்திருந்தது. ஐம்பதில் வந்து பிரேக்கை அமத்தினேன். மாடு தப்பியது, பைகள் அத்தனையும் முன்னால் வந்து ஆசனத்தின் முதுகை வளைத்தன. பக்கத்தில் இருந்த பொடியனுக்குத் தோள்மூட்டு விலகியது. இறுக்கிப் பிரேக் பிடித்தால் 50 கிலோ பை ஏறத்தாழ 35 கிலோ விசையோடு முன்னுக்குத் தள்ளும். பன்னிரண்டு பை என்றால் 400 கிலோவுக்கு மேல். தரையின் உராய்வு அதில் ஒரு பங்கைப் பிடிக்கும், ஆனால் பிளாஸ்ரிக் பை வழுக்கும். ஆகவே வான் எடுத்தால் முதல் வேலையாக முன் ஆசனத்துக்குப் பின்னால் குழாய் இரும்பில் ஒரு தடுப்புச் சட்டம் அடியுங்கள், தரையோடு கொழுவிகளும் போடுங்கள். சட்டத்தைத் தகரத்தில் ஒட்டாமல் தரைக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பிள்ளைகள் நடு வரிசையில் இருக்கும் நாட்களில் அவர்களின் தலைக்குப் பின்னால் ஆசன உயரத்தைத் தாண்டி எதையும் அடுக்காதீர்கள்.

என்ன ஏற்றுகிறோம் என்பதிலும் இரண்டுக்கும் குணம் வேறு. கோடையில் செம்புழுதி, மாரியில் சாரல். திறந்த பெட்டியில் தறப்பாள் எவ்வளவு இறுக்கினாலும் ஓரத்தால் உள்ளே வரும். சிங்கிள் கெப்பில் ஓடிய காலத்தில் ஒரு கார்த்திகை மாதம் மாங்குளத்தில் மழை பிடித்து, வவுனியாவிலிருந்து ஏற்றிய சீமெந்தில் ஏழு பை கல்லாகிப் போனது. அரிசி, சீனி, மா ஏற்றுகிற கடைக்காரருக்கு மூடிய வான் கொடுக்கும் நிம்மதி பெரியது. மறுபக்கம், கிருமிநாசினி, மண்ணெண்ணெய், உரம் மூன்றையும் வானுக்குள் அரிசியோடு ஏற்றவே கூடாது, பிள்ளைகள் இருக்கும்போதும் ஏற்றக் கூடாது. அவற்றுக்குத் தனியாகப் பட்டாவோ முச்சக்கரவண்டியோ பிடியுங்கள், அந்தக் காசை வீண் என்று நினைக்காதீர்கள். மீன் ஏற்றினால் ஐஸ் போட்ட றெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டியின் உப்புத் தண்ணீர் தரைவிரிப்புக்கு அடியில் போய் நிற்கும், இரண்டு வருடத்தில் தரைத் தகரம் இற்றுவிடும், மணமும் போகாது. பப்பாசியையும் வாழையையும் முதல் நாள் பின்னேரமே ஏற்றிக் கதவைச் சாத்தி வைக்கும் பழக்கம் வேண்டாம். பழுக்கும் பழம் எதிலீன் வாயுவை விடும், மூடிய வானுக்குள் அது தேங்கிச் செங்காயையும் கெதியாகப் பழுக்க வைத்துவிடும். விடிய ஏற்றி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டுக்கொண்டு போங்கள்.

பாரத்தை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பின்சில்லுக்குப் பின்னால் பாரம் கூடினால் முன்பக்கம் எழும்பும், ஸ்டியரிங் மிதக்கும். டபிள் கெப்பில் பெட்டி பின்னோக்கித் தள்ளியிருப்பதால் இது சுலபமாக நடக்கும். வானில் பாரமானதை நடுவில், ஆசனத்தோடு அணைத்து வைக்கலாம். ரயரைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள். பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு சுமை எண் இருக்கும். 91 என்றால் ஒரு ரயர் 615 கிலோ தாங்கும், 107 என்றால் 975 கிலோ. பாரம் ஏற்றிய ஹயஸின் பின் அச்சில் ஒன்றரைத் தொன் வரை இறங்கும். மலிவு என்று கார் ரயர் போட்ட வான்கள் நிறைய ஓடுகின்றன. 91 இரண்டு போட்டால் 1,230 கிலோதான். தார் றோட்டில் வெயிலுக்குள் வெடிப்பது அப்படித்தான்.

கடதாசி விஷயத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். சான்றிதழில் வாகனத்தின் வகுப்பு என்ன என்று பாருங்கள். வானும் டபிள் கெப்பும் பெரும்பாலும் ஆட்களையும் சரக்கையும் ஏற்றக்கூடிய இரட்டைப் பாவனை வாகனமாகவும், பட்டா போன்றவை மோட்டார் லொறியாகவும் பதிவாகியிருக்கும். லொறியென்றால் வருட வரிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையோடு தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். வகுப்பு எவ்வளவு முக்கியம் என்பதை 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கண்டோம். கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக எரிபொருள் வாங்கும் முறை தொடங்கியபோது வாரத்துக்கு வானுக்கு 20 லீற்றர், லொறிக்கு 50 லீற்றர். காப்புறுதி எடுக்கும்போது தோட்டச் சரக்கும் கடைச் சரக்கும் ஏற்றுவதை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். ஆசனத்தைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் அதையும் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் கிடந்தால், அது நீங்கும் வரை முழுக் காசையும் கையில் கொடுக்க வேண்டாம்.

இரண்டாம் கை வாகனம் பார்க்கும்போது என் கண் முதலில் தேடுவது துரு. முல்லைத்தீவுக் கரையிலும் மன்னாரிலும் ஓடிய வாகனத்தின் மேல் பெயின்ற் பளபளக்கும், அடியில் சட்டம் இலைபோல் உரியும். தரைவிரிப்பைக் கிளப்பி, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீர் என்னும், இற்றது பொத் என்னும். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தண்ணீருக்குள் நின்ற வாகனங்கள் இன்னும் கைமாறிக்கொண்டு இருக்கின்றன. ஆசனப் பட்டியை முழுவதும் இழுத்து அடிநுனியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள், டாஷ்போர்டுக்குக் கீழே வயர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 மாசியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய வாகனங்களை ஒட்டி ஒட்டி ஓடினார்கள். ஆகவே மீற்றரில் உள்ள ஓட்டத்தை நம்பாமல் பிரேக் மிதியின் தேய்மானத்தையும் சாரதி ஆசனத்தின் ஓரத்தையும் பாருங்கள்.

எரிபொருள் விஷயத்தில் அடித்துச் சொல்ல மாட்டேன். பழைய டீசல் ஹயஸ், பாரத்தோடு, என் கைக்கு லீற்றருக்கு 9 முதல் 11 கிலோமீற்றர் தந்தது. டீசல் கெப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். இன்னொருவர் ஓடினால் வேறு எண் வரும், ஆகவே எரிபொருளை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டாம். உதிரிப்பாகம் இரண்டுக்குமே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கிடைக்கும். உங்கள் கேள்வியில் இல்லாத மூன்றாவது வழியையும் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கு ஏற்கெனவே மோட்டார்சைக்கிளோ முச்சக்கரவண்டியோ இருந்து, வாகனம் சரக்குக்கு மட்டும்தான் என்றால், டிமோ பட்டா ஒன்று மூடிய கூடு அடித்து எடுத்தால் இரண்டையும்விட மலிவாக முடியும். பழைய பட்டாவுக்கு 750 கிலோ சுமை, இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், திருத்தச் செலவு குறைவு. ஆனால் புதுக்குடியிருப்பிலிருந்து கிளிநொச்சி வரை பாரத்தோடு அது மெதுவாகத்தான் வரும், ஐந்து பேர் அதில் போகவும் முடியாது.

வானைப் பார்க்கப் போகும் நாளில் பத்துப் பை கோழித்தீனையோ சீமெந்தையோ ஏற்றி, உங்கள் ஒழுங்கைக்குள் ஒரு தரம் ஓடிப் பாருங்கள். வெறும் வான் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். அரைத் தொன் ஏறிய பிறகு பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா, இரண்டாம் கியரில் ஏற்றத்தில் கிளச் வழுக்கிப் புகை மணம் வருகிறதா, பள்ளத்தில் பின் தகடு சட்டத்தில் இடிக்கிறதா என்று கவனியுங்கள். பாரத்தோடு ஓட விடமாட்டேன் என்று விற்கிறவர் சொன்னால் அந்த வானை விட்டுவிடுங்கள். வாங்குவதற்கு முதல் கிளிநொச்சிக்குக் கொண்டுவர முடியுமென்றால் யாராவது ஒரு மெக்கானிக்கிடம் குழியில் இறக்கி அடிப்பக்கத்தைக் காட்டுங்கள், அரை மணித்தியால வேலை.